சந்தன மாலை போட்ட நிறுவனர்

அந்த அழைப்பு வந்தபோது துறைத் தலைவர் ஆவுடைநாயகம் துறையைத் தொடங்கிய லுகினின் படத்துக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார். படத்தில் சந்தன மாலை. மாலைக்குக் கீழே சீரோ வாட் சிவப்பு பல்பு, கரண்டு இருக்கிற நேரமெல்லாம் எரியும். எதிரே மாதுரி உட்கார்ந்து மிச்சமிருந்த பொன்விழா அழைப்பிதழ்களுக்கு விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தாள். கொரிய மொழி சொல்லிக்கொடுக்கும் ஒப்பந்த ஆசிரியை அவள்.

"ஏலே, ஃபாரின் பாஷை டிபார்ட்மென்டா?" என்றது போனில் ஒரு கிழட்டுக் குரல்.

"ஆமா, துறைத் தலைவர்தான் பேசுதேன். நீங்க?"

"நான் லுகின். வலேரி லுகின். அந்தக் காலத்துல அங்கன ரஷ்யன் சொல்லிக் குடுத்தேம்லா, அந்த லுகின். தூத்துக்குடி ஹார்பர்ல சிலுவைன்னு ஒருத்தன் இருக்கான், எங்கிட்ட படிச்ச பய. ஒங்க பொன்விழா அழைப்பிதழ் அட்டையை போட்டோ புடிச்சு அனுப்பியிருந்தான். எம் படம் போட்டிருக்கியளே. மனசு கேக்கல, பொறப்பட்டு வந்துட்டேன். திருவனந்தபுரத்துல எறங்கியாச்சு. திங்கக்கெழம காலைல ரயிலு. ஸ்டேஷனுக்கு ஆரும் வாரியளா, இல்ல நானே பைய நடந்து வந்துரட்டா?"

ஆவுடைநாயகம் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்தவர் எப்போதும்போல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாரேன் சார்," என்று எப்படியோ சொல்லிவிட்டு போனை வைத்தார். 

"யார் சார்?" என்றாள் மாதுரி.

ஆவுடைநாயகம் விரலை மட்டும் மேலே காட்டினார். அவள் முதலில் துணைவேந்தர் என்று நினைத்தாள், ஏனென்றால் அவர் அறை மாடியில். பிறகு விரல் போன திசையைப் பார்த்துவிட்டு, ஒட்டிக்கொண்டிருந்த விலாசத்தைத் தப்பான உறையில் ஒட்டினாள்.

பொருநை நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. பல்கலைக்கழகம் வெறும் கல்லூரியாக இருந்த காலத்தில், சோவியத் நாட்டிலிருந்து லுகின் என்ற இளைஞர் ரஷ்யன் கற்பிக்க வந்தார். தச்சநல்லூரில் வாடகைக்கு இருந்தார். பத்து வருடம் கழித்துப் போய்விட்டார். அப்புறம் அந்த நாடே போய்விட்டது. ரஷ்யன் படித்தால் எங்கே வேலை என்று கேட்டவர்களுக்குச் சொல்ல எந்த நாடும் இல்லாமல் போனதால், துறை பலகையை அழித்து ஜெர்மன் என்று எழுதிற்று. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்ததும் பிரெஞ்சு. பிறகு ஜப்பான். சீனமொழி ஒரே ஒரு பருவம் நடந்தது, எல்லையில் சண்டை வந்ததும் பலகைக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். இப்போது பிள்ளைகள் ராத்திரி முழுக்கக் கொரிய நாடகம் பார்ப்பதால் கொரியன். பலகை எத்தனையோ முறை மாறியது, பாடம் நடத்தும் முறை மாறவே இல்லை. எந்த மொழியானாலும் தமிழில் சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளைகள் கைடு வாங்கி மனப்பாடம் செய்து எழுதுவார்கள். வகுப்பில் யாரும் அந்த மொழியைப் பேச மாட்டார்கள். பேசினால் தப்பு வரும், தப்பு வந்தால் மதிப்பு போகும். ஆவுடைநாயகம் மேற்சொன்ன எல்லா மொழிகளிலும் தேர்ச்சி பெற்றவர் என்று துறையின் இணையப் பக்கம் சொல்கிறது. அவர் தாமே எழுதிய பக்கம் அது.

லுகின் இறந்ததற்குக் காரணம் ஒரு படச்சட்டக் கடை. வெள்ளி விழாவின்போது அவர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருந்தார்கள். டவுனில் காஜா முகைதீன் கடைக்கு வருகிற பெரிய படமெல்லாம் காலமானவர்கள் படம்தான். உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் அத்தனை பெரிய அளவில் படம் போடுவதில்லை. ஆகவே அவர் வழக்கப்படி மாலையையும் பல்பையும் சேர்த்தே மாட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டுக்கும் சேர்த்துத்தான் விலை என்பதால் கழற்றித் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்த அறைக்குள் வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். இரண்டு வருடத்தில் நினைவுச் சொற்பொழிவு தொடங்கியது. மாலை போட்ட படத்தைப் பார்த்து, இவர் இறந்துவிட்டாரா என்று நம் பக்கத்தில் யார் கேட்பார்கள்?

அதுவரை லுகின் சும்மா இறந்திருந்தார், அவ்வளவுதான். எங்கே, எப்படி என்ற விவரத்தைக் கொடுத்தவர் ஆவுடைநாயகம். லுகின் ஊருக்குப் போன மறுவருடம்தான் அவர் மாணவராகக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் 'லுகினின் கடைசி மாணவர்' என்று எந்தக் கூட்டத்திலோ யாரோ சொல்ல, அவர் மறுக்கவில்லை. அந்தப் பட்டமே பிறகு அவரைத் துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தது. நாற்காலிக்கு நன்றியாக, பொன்விழா மலரில் நீண்ட கட்டுரை எழுதினார். விஷக்காய்ச்சலில் லுகின் தச்சநல்லூர் வீட்டில் கிடந்ததும், தம் கையைப் பிடித்துக்கொண்டு ரஷ்ய மொழியில் ஏதோ சொல்லிக் கண் மூடியதும், அஸ்தியைக் குறுக்குத்துறை ஆற்றில் கரைத்ததும் அதில் இருந்தன. துணைவேந்தர் ஜெயராம் கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு அரசுக்கு எழுதி, லுகின் நினைவு இருக்கை ஒன்றை வாங்கிவிட்டார். பளிங்கில் மார்பளவுச் சிலைக்கும் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை அமைச்சர் வந்து திறப்பதாக ஏற்பாடு.

ஆவுடைநாயகத்தைப் பயமுறுத்தியது லுகின் அல்ல, பூதலிங்கம். தத்துவத் துறைத் தலைவராக இருந்தவர். ஜெர்மனியில் மாநாட்டில் கட்டுரை வாசித்ததாக ஆண்டறிக்கையில் எழுதியிருந்தார். அந்த வாரம் அவர் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்ததை யாரோ துணைவேந்தர் காதில் போட்டார்கள். துணைவேந்தர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பட்டமளிப்பு விழா மேடையில், ஒலிபெருக்கி முன்னால் வைத்து, பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார். இப்போது பூதலிங்கத்துக்கு வேலையும் இல்லை, பென்ஷனும் இல்லை. ஏரலில் மைத்துனரின் உரக்கடையில் இருக்கிறார். போன மாதம் ஆவுடைநாயகம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தார். யாராவது கடைப் படியேறினால் பூதலிங்கம் எழுந்து நின்றார். பேராசிரியராக இருந்தவர், யூரியா வாங்க வருகிறவனுக்கு எழுந்து நின்றார். ஆவுடைநாயகத்துக்கு ஓய்வு பெற இன்னும் ஒரே வருடம்.

"சார், உண்மையச் சொல்லிருங்களேன்," என்றாள் மாதுரி.

"யாருட்டம்மா?"

"வி.சி. கிட்ட."

"ஏரல்ல அந்தக் கடையில ஒரு ஸ்டூலுதான் கெடக்கு," என்றார் ஆவுடைநாயகம். "அதுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார்."

இடையில் இருந்த இரண்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. ஸ்ரீவைகுண்டத்தில் அவருடைய மச்சினர் இருக்கிறார். லுகினை ஸ்டேஷனிலிருந்து நேரே அங்கே கொண்டுபோய், அணைக்கட்டைக் காட்டி, வாழை இலை போட்டு, பாயாசத்தோடு சாப்பாடும் போட்டுத் தூங்க வைத்துவிட்டால், விழா முடிந்ததும் கூட்டி வந்து துறையைச் சுற்றிக் காட்டிவிடலாம். மாலையையும் பல்பையும் மாதுரி அதற்குள் கழற்றிவிடுவாள்.

திங்கட்கிழமை காலை நெல்லை ஜங்ஷனில் ரயிலிலிருந்து இறங்கியவர், படத்தில் இருந்தவரேதான், முடி மட்டும் நரைத்திருந்தது. இடது புருவத்தின் மேல் அதே மச்சம். ஆவுடைநாயகம் கும்பிட்டார். கும்பிட்ட கையைப் பிரிக்க மறந்து நின்றார்.

"என்ன வே, பேயைப் பாத்த மாதிரி பாக்கீரு?" என்றார் லுகின். "வயசாயிட்டுன்னு தோணுதா?"

"இல்ல சார். நல்லா இருக்கிய."

"மொதல்ல காலேஜுக்குப் போவோம்."

"மொதல்ல ஸ்ரீவைகுண்டம் போயிட்டு வந்துருவோம் சார். அணையில தண்ணி பொங்கிப் போவுது. பாக்கக் கண் கொள்ளாது."

"விழா எத்தன மணிக்கு?"

"அது... சாயங்காலந்தான் சார்."

பாளையங்கோட்டையைத் தாண்டும்வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. லுகின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இருந்த கடைகளையும் இல்லாமல் போன கடைகளையும் சொல்லிக்கொண்டு வந்தார். மாஸ்கோவில் ஒரு தேயிலைக் கம்பெனிக்குத் தமிழ்க் கடிதங்களை மொழிபெயர்த்து வயிறு கழுவியதாகவும், பேசிப் பழக ஆள் இல்லாமல் கண்ணாடியைப் பார்த்தே நெல்லைத் தமிழ் பேசியதாகவும் சொன்னார். ஆவுடைநாயகம் எல்லாவற்றுக்கும் ஆமா சார் போட்டுக்கொண்டு வண்டியை விரட்டினார். செய்துங்கநல்லூர் பக்கம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது.

வண்டி நின்ற இடத்துக்கு நேர் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ்.

அமைச்சர் வரும் சாலையெல்லாம் ஃபிளெக்ஸ் வைக்கச் சொல்லித் துணைவேந்தர் உத்தரவு போட்டிருந்தார். அமைச்சர் தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்கி, ஸ்ரீவைகுண்டம் கோயிலில் கும்பிட்டுவிட்டு இந்த வழியாகத்தான் வருவார் என்பதை ஆவுடைநாயகம் பயத்தில் மறந்தே போனார். அச்சடித்தவனுக்கு இறந்தவர் என்று தெரிந்ததும் கடையில் தயாராக இருந்த மாதிரியை எடுத்துப் போட்டுவிட்டான். நாலு மூலையிலும் எரியும் குத்துவிளக்கு. நடுவில் லுகின். ஒரு பக்கம் கண்ணீர் வடிக்கும் பெரிய கண். மறுபக்கம் கை கூப்பிய நிலையில் துணைவேந்தர் ஜெயராம், லுகினைவிடச் சற்றுப் பெரிதாக.

லுகின் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார்.

"எங்கள் இதயங்களில்... என்றும் வாழும்... அமரர்..."

ரயில் வந்தபாடில்லை. பின்னால் ஒரு லாரி நெருக்கிக்கொண்டு நின்றது. முன்னால் கேட். ஆவுடைநாயகம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அதன் நடுவில் இருந்த கம்பெனி முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"நான் எப்பம் செத்தேன் வே?" என்றார் லுகின், மெதுவாக.

ஆவுடைநாயகம் மூடிய கேட்டைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

"ஒம்மத்தான் கேக்கேன். எப்படிச் செத்தேன்?"

"காய்ச்சல், சார்."

"என்ன காய்ச்சல்?"

"விஷக்காய்ச்சல்."

"கூட ஆரு இருந்தா?"

ஆவுடைநாயகத்தின் உதடு அசைந்தது. "நான்தான் சார்," என்றார்.

ரயில் அப்போதுதான் வந்து கடந்து போனது. அந்த இரைச்சலில் லுகின் சிரித்தாரா, திட்டினாரா என்று ஆவுடைநாயகத்துக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கேட் திறந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். படச்சட்டக் கடை, கடைசி மாணவர் பட்டம், மலர், குறுக்குத்துறை, பூதலிங்கம், உரக்கடை. சொல்லி முடிக்கும்போது அவர் குரல், அப்பாவிடம் மார்க் ஷீட்டை நீட்டுகிற பையன் குரலாக இருந்தது.

லுகின் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

"வண்டியத் திருப்பும்," என்றார். "விழா சாயங்காலம் இல்லைன்னு அந்த போர்டுலயே போட்டிருக்கு."

"சார், எனக்கு ஒரே ஒரு வருஷந்தான்..."

"எனக்கு ஒண்ணுமே இல்லைன்னுலா எழுதிட்டீரு. திருப்பும் வே."

பல்கலைக்கழக அரங்கின் பின்புறம் துணைவேந்தர் ஜெயராம் தயாராக நின்றிருந்தார். நீண்ட அங்கி. கையில் அவரே எழுதிய இரங்கற்பா. ஒவ்வொரு வருடமும் அதை வாசித்து, ஏழாவது வரியில் தொண்டை அடைக்க நின்று, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வது வழக்கம். தண்ணீர் டம்ளர் ஏழாவது வரிக்கு முன்பே மேடைக்கு வந்துவிடும். அமைச்சரின் கார் வளாகத்துக்குள் நுழைந்துவிட்டதாக யாரோ ஓடி வந்து சொன்னார்கள். அதே வேளை ஆவுடைநாயகமும் லுகினும் உள்ளே வந்தார்கள்.

துணைவேந்தர் வந்தவரைப் பார்த்தார். பிறகு துணி போர்த்தி ஓரமாக வைத்திருந்த சிலையைப் பார்த்தார். துணி விலகியிருந்த இடத்தில் பளிங்கு மச்சம் தெரிந்தது. மறுபடியும் வந்தவரின் புருவத்தைப் பார்த்தார். முகத்திலிருந்த ரத்தம் மெல்ல வடிந்து, அங்கியின் காலருக்குள் இறங்கியது போலிருந்தது.

"பேராசிரியர் ஆவுடைநாயகம் அவர்களே," என்றார், மிகவும் நிதானமாக. "அன்னார் மறைந்தபோது தாங்கள் அருகிலேயே இருந்தீர்கள், அல்லவா?"

மாதுரி கதவோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆவுடைநாயகத்தின் கண் முன் ஏரல் வந்தது, ஸ்டூல் வந்தது, பூதலிங்கம் எழுந்து நிற்பது வந்தது. இருந்தேன் என்றால் பக்கத்தில் நிற்பவர் பொய். இல்லை என்றால் தாமே பொய். 

"அப்படியானால் இவர் யார்?" என்றார் துணைவேந்தர்.

அப்போதுதான் ஆவுடைநாயகம் அவர் கண்களைப் பார்த்தார். அது கோபமாக இருக்கும் என்றே நினைத்திருந்தார். கோபம் துளிக்கூட இல்லை. நினைவு இருக்கை, அரசாணை, வாசலில் வந்துகொண்டிருக்கும் அமைச்சர், ஏழாவது வரி எல்லாமே அந்தக் கண்களில் கெஞ்சிக்கொண்டு நின்றன. இரண்டு நாளாகத் தாம் கண்ணாடியில் பார்த்த அதே கண்கள்.

"தம்பி சார்," என்றார் ஆவுடைநாயகம். "அவரோட தம்பி. ஊர்லருந்து வந்திருக்கார்."

துணைவேந்தர் மூச்சை விட்டார். "அதானே. அண்ணாரை அப்படியே அச்சில் வார்த்ததுபோல்," என்று லுகினின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "தங்கள் அண்ணாரின் ஆன்மா இவ்வளாகத்தில்தான் உலவிக்கொண்டிருக்கிறது ஐயா."

லுகின் ஆவுடைநாயகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாலும் போதும். கை சட்டைப் பையை நோக்கிப் போனது. ஆவுடைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது லுகின் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"ஆமா, நான் எளையவன்," என்றார். "எனக்கும் மேடையில ரெண்டு வார்த்தை பேசணும்."

சிலை திறந்தாயிற்று. துணைவேந்தர் ஏழாவது வரியில் தண்ணீர் குடித்தாயிற்று. அமைச்சர், பல்கலைக்கழகத்தை வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரால் வாழ்த்தி அமர்ந்தார். மேடையின் நடுவில் முக்காலியில், துறையிலிருந்து கொண்டு வந்த லுகின் படம் மாலையும் பல்புமாக நின்றது. லுகின் ஒலிபெருக்கி முன் வந்தார். வெள்ளைக்காரர் நெல்லைத் தமிழ் பேசுவதைக் கேட்டதும் அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எங்க அண்ணன் நல்ல மனுசன்," என்றார். "ஆனா பாருங்க, கடைசி நேரத்துல என்ன சொன்னாருன்னு எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. இந்த மலர்லதான் படிச்சேன், ரஷ்ய பாஷையில ஏதோ சொன்னாராம். கேட்டது ஒரே ஒரு ஆளு. அவரு இங்கனதான் இருக்கார். அந்த வார்த்தைய அப்படியே ரஷ்யன்ல சொல்லச் சொல்லுங்க. நான் கேட்டுட்டுத் தமிழ்ல சொல்லுதேன்."

கைதட்டல் எழுந்தது. ஆவுடைநாயகத்துக்கு அது எங்கோ ஆற்றுக்குள் கேட்பது போலக் கேட்டது. யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். நடந்தாரா, தள்ளப்பட்டாரா என்று தெரியவில்லை, ஒலிபெருக்கி முகத்துக்கு நேரே வந்துவிட்டது. ஒரு காலத்தில் ரஷ்யன் சொல்லிக்கொடுத்த துறையின் தலைவர், அந்த மொழியில் வாய் திறந்து பேசுவது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறார். மனதில் முதல் பாடம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"எத்தா ஸ்தோல்," என்றார்.

குரல் நடுங்கியது. இது மேசை என்று அர்த்தம். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"எத்தா... அக்னோ." இது ஜன்னல். பயத்தில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்தினார்.

"எத்தா லாம்ப்பா." இது விளக்கு. அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. தலை குனிந்து நின்றார். அமைச்சரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துணைவேந்தர் இந்த முறை எழுதி வைக்காமலே அழுதார்.

லுகின் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அதையும் அரங்கம் அழுகை என்றே எடுத்துக்கொண்டது. ஆவுடைநாயகம் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல் நின்றார்.

"எங்க அண்ணன் ரெண்டே விஷயந்தான் சொல்லியிருக்கார்," என்றார் லுகின் கடைசியில். "எம் படத்துல கெடக்க மாலையக் கழத்துங்க. நின்னு போன ரஷ்யன் வகுப்பத் திறங்க. என் கடைசி மாணவன் அதை நடத்தட்டும். எந் தம்பி வந்து பாத்துக்கிடட்டும். அவ்வளவுதான்."

துணைவேந்தர் உடனே எழுந்தார். படத்திலிருந்து சந்தன மாலையைக் கழற்றினார். கழற்றியபின் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அமைச்சருக்குப் பழைய மாலை போட முடியாது. கீழே வைத்தால் மரியாதை இல்லை. பக்கத்தில் நின்ற ஆவுடைநாயகத்தின் கழுத்தில் போட்டுவிட்டார். கேமராக்கள் மின்னின. கால் நூற்றாண்டுத் தூசி அவர் மூக்கில் ஏறியது. தும்மக்கூடப் பயமாக இருந்தது.

வேலை தப்பியது. பென்ஷனும் தப்பியது. மறுவாரம் பலகையில் மறுபடியும் ரஷ்யன் என்று எழுதினார்கள், கொரியனுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு. லுகின் தச்சநல்லூரில் வீடு பார்த்துக்கொண்டார். விசா முடியும்வரை இங்கேதான் என்று சொல்லிவிட்டார். தினமும் காலையில் முதல் ஆளாக வந்து முதல் பெஞ்சில் உட்காருவார். அவர் உட்கார்ந்ததும் ஆவுடைநாயகத்தின் கையில் சாக்பீஸ் உடையும். தமிழில் விளக்க ஆரம்பித்தால் பெஞ்சில் விரலால் தட்டுகிற சத்தம் வரும். ரஷ்யனில் சொல்லும் என்று அர்த்தம்.

ஒரு நாள் வகுப்பில் படச்சட்டக் கடை காஜா முகைதீனும் இருந்தார். கடைசி மாணவருக்கும் அதே அளவில் படம் மாட்ட வேண்டும் என்று துணைவேந்தர் சொல்லியிருந்தார். மாலை போட்டபோது எடுத்த போட்டோவையே பெரிதாக்கியிருந்தார்கள். ஏணியில் நின்று, மேடையிலிருந்து வகுப்புச் சுவருக்கு வந்துவிட்ட லுகின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துவிட்டு, காஜா முகைதீன் ஒயரை இழுத்தார்.

"அண்ணாச்சி, எனக்கு பல்பு வேண்டாம்," என்றார் ஆவுடைநாயகம்.

"படத்தோட சேந்ததுதான் அண்ணாச்சி. வேண்டாம்னாலும் அதே வெலதான்," என்றார் காஜா முகைதீன் ஏணியிலிருந்து. "இருந்துட்டுப் போட்டும்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசல் பக்கம் இருந்த ஒருத்தி, யாரும் சொல்லாமலே, செருப்பைப் பைய கழற்றி ஓரமாக வைத்தாள். ஆவுடைநாயகம் அதைப் பார்த்துவிட்டார். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த எழுத்து பாதியில் நின்றது.

முதல் பெஞ்சிலிருந்து விரல் தட்டும் சத்தம் வந்தது.

"அவரு பல்பைப் போடுததுக்கு முன்னால ரெண்டாம் பாடத்த முடிச்சிரும் வே," என்றார் லுகின்.